லுத்தர் பிறந்த மண்ணிலிருந்து லுத்தரன்கள் ஏன் கப்பலேறினார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அடிலெய்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன நீங்கள், பக்கத்து மலையில் இருக்கும் ஹாண்டார்ஃப் ஊருக்கும் போயிருக்கிறீர்கள். மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி 1838-ல் ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் குடும்பங்கள் அமைத்த ஊர் என்று அங்கே சொன்னார்கள். கத்தோலிக்க சபையிலிருந்து பிரிந்து புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் பிறந்த மண், அரசனும் புராட்டஸ்டண்ட், குடிமக்களும் புராட்டஸ்டண்ட். பிறகு லுத்தரன்களைத் துன்புறுத்தியது யார், கத்தோலிக்கர்களா? இல்லை, நிலத்துக்காக வந்தவர்கள் பிற்பாடு சொல்லிக்கொண்ட பெருமைக் கதையா? இதுதானே கேள்வி. நான் இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன். கடல், கப்பல் என் துறை இல்லை. ஆகவே சபைச் சண்டையை விரிவாகவும் பயணத்தைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில் கத்தோலிக்கர்களை விட்டுவிடலாம். இந்தக் கதையில் அவர்களுக்கு வேலையே இல்லை. துன்புறுத்தியவர், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்லியம். அவரும் பக்தியுள்ள புராட்டஸ்டண்ட்தான். சிக்கல் இரண்டு நூற்றாண்டு பழையது. 1613-ல் அவருடைய முன்னோர் ஒருவர் லுத்தரன் சபையை விட்டு, கால்வின் வழிவந்த இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவான சீர்திருத்த சபைக்கு மாறினார். குடிமக்களில் பெரும்பாலோர் லுத்தரன்களாகவே இருந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அரச குடும்பம் ஒரு சபை, நாடு இன்னொரு சபை. மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்லியமின் மனைவி லூயிஸ் ராணி லுத்தரன். ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை, கணவனும் மனைவியும் ஒரே பீடத்தில் சேர்ந்து எடுக்க முடியாது. ராணி 1810-ல் இறந்துவிட்டார். அந்த வேதனைதான் அரசரை இந்த வழியில் தள்ளியது என்று பலரும் எழுதுவார்கள். இருக்கலாம், ஆனால் நெப்போலியன் போர்களுக்குப் பிறகு ஒரே நாடு, ஒரே நிர்வாகம், ஒரே சபை என்று யோசித்த அரசு அது என்பதையும் மறக்கக் கூடாது.

1817-ல், லுத்தரின் சீர்திருத்தம் தொடங்கி 300 ஆண்டு நிறைந்தபோது, இரண்டு சபையும் ஒன்றாக வேண்டும் என்று அரசர் அறிவித்தார். அப்போது அது அழைப்பு மாதிரிதான் இருந்தது, பெரிய எதிர்ப்பும் இல்லை. அப்புறம் 1820-களின் தொடக்கத்தில் ஓர் ஆராதனை முறைமைப் புத்தகம் வந்தது. அதைத் தொகுத்ததில் அரசருக்கே நேரடிப் பங்கு. பதினாறாம் நூற்றாண்டு லுத்தரன் ஆராதனை முறைகளை உட்கார்ந்து படித்துத்தான் செய்தார். சிலுவையும் மெழுகுவர்த்தியும் பீடத்தில் இருக்க வேண்டும் என்றதால் முதலில் முகம் சுளித்தவர்கள் சீர்திருத்த சபைக்காரர்கள்தான். ஆக, லுத்தர் மேல் வெறுப்புள்ள அரசன் என்று அவரைச் சொல்லவே முடியாது. இதை நான் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்ப மாட்டார்கள்.

பிறகு சண்டை எதற்கு? ஒரு வாக்கியத்துக்கு. திருவிருந்தில் அப்பத்தைக் கொடுக்கும்போது போதகர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்பதற்கு. 'இது கிறிஸ்துவின் மெய்யான சரீரம்' என்ற பொருளில் சொல்லிக் கொடுப்பது லுத்தரன் வழக்கம். புதிய புத்தகத்தில் அது, 'இது என் சரீரம் என்று நம்முடைய கர்த்தர் சொல்கிறார்' என்று மாறியது. இயேசு அப்படிச் சொன்னார் என்பதை எந்தப் புராட்டஸ்டண்டும் மறுக்க மாட்டான். அதனால் இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருக்கும் என்று அரசர் தரப்பு நினைத்தது. லுத்தரன்களுக்கோ அந்தப் பொதுமைதான் பிரச்சினை. அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்மையாக இருக்கிறதா, அடையாளமாக இருக்கிறதா என்பதற்காகவே 1529-ல் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்க்ளியும் மார்பூர்க் நகரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடி, ஒத்துப்போகாமல் பிரிந்தார்கள். முந்நூறு ஆண்டு காத்த வேலியை ஒரே ஒரு 'என்று சொல்கிறார்' போட்டுக் கழற்றிவிட்டார்கள் என்பது அவர்கள் குமுறல். நம்மூர் சபைகளில் அப்பம் வாங்கும்போது போதகர் ஐயர் என்ன வார்த்தை சொல்கிறார் என்று எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கிறோம்? அந்த விவசாயிகள் கேட்டார்கள்.

1830-ல், லுத்தரன்களின் அடிப்படைக் கொள்கை ஆவணமான அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையின் 300-ஆம் ஆண்டு விழா. அதிலிருந்து புத்தகத்தைக் கட்டாயமாக்கும் நெருக்கடி இறுகியது. பிரெஸ்லாவ் நகரத்தில் பேராசிரியராகவும் போதகராகவும் இருந்த ஷைபெல் மறுத்தார், பணியிடை நீக்கப்பட்டார், பிறகு ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. 1834-ல் தனியாகக் கூடி ஆராதிப்பதும் தடை செய்யப்பட்டது. மீறியவர்களுக்கு அபராதம். கட்டாதவர்கள் வீட்டில் மாடும் சாமானும் ஜப்தியாகி ஏலத்துக்குப் போயின. விலக்கப்பட்ட போதகர்கள் கொடுத்த ஞானஸ்நானத்தை அரசு ஏற்கவில்லை. பல போதகர்கள் சிறைக்குப் போனார்கள். இவர்களுக்குத்தான் 'பழைய லுத்தரன்கள்' என்று பெயர் வந்தது.

மிக மோசமான சம்பவம் பிரஷ்யாவின் சிலேசியா மாகாணத்தில் ஹேனிகெர்ன் என்ற கிராமத்தில் நடந்தது. கெல்னர் என்ற போதகர் புதிய புத்தகத்தை ஏற்க மறுத்துச் சிறைப்பட்டார். சபையார் தேவாலயச் சாவியைக் கொடுக்க மறுத்து வாசலில் காவல் இருந்தார்கள். 1834 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ராணுவம் வந்து கூட்டத்தை அடித்து விரட்டிக் கதவை உடைத்தது. பிறகு அடங்காத குடும்பங்களின் வீடுகளிலேயே சிப்பாய்களைத் தங்கவைத்து, அவர்களுக்குச் சோறு போடும் செலவையும் அந்தக் குடும்பங்கள் தலையில் கட்டினார்கள். பணிந்தால் சிப்பாய் போவான்.

இவ்வளவும் உறுதியான செய்தி. அதே உறுதியோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கொள்கைக்காக யாரையும் தூக்கில் போட்ட, எரித்த காலம் இல்லை இது. அபராதம், ஜப்தி, சிறை, சிப்பாய், பிள்ளையின் ஞானஸ்நானம் செல்லாது என்ற அறிவிப்பு, இவ்வளவுதான். 'இவ்வளவுதானா' என்று கேட்பவர், கையில் இரண்டு மாடு வைத்திருக்கும் ஒருவனின் ஒரு மாட்டை ஜப்தி செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கட்டும். அதே சமயம், பழைய லுத்தரன்களில் பெரும்பாலோர் எங்கேயும் போகவில்லை, ஊரிலேயே இருந்து தாக்குப்பிடித்தார்கள் என்பதும் உண்மை. கப்பலேறியவர்கள் சிறுபான்மை.

அந்தச் சிறுபான்மையில் ஒரு கூட்டத்தின் தலைவர்தான் ஔகுஸ்ட் காவெல். பெர்லினில் பிறந்தவர், பிராண்டன்பூர்க் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் கிளெம்சிக் கிராமத்தின் போதகர். அவர் ஆரம்பத்திலேயே எதிர்த்தவர் இல்லை. சில ஆண்டுகள் புதிய புத்தகத்தை வைத்தே ஆராதனை நடத்தினார். 1835 வாக்கில்தான் மனம் மாறி விலகினார், வேலை போயிற்று. 1836-ல் ஹாம்பர்க் போய், அங்கிருந்து லண்டன் போய், ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற வியாபாரியைச் சந்தித்தார். ஆங்கஸ் தென் ஆஸ்திரேலியக் கம்பெனியின் தலைவர். பாப்டிஸ்ட் சபைக்காரர் என்பதால், அரசு ஆதரவு பெற்ற சபைக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். தென் ஆஸ்திரேலியா கைதிகளை அனுப்பாத காலனி, அரசுச் சபை வேண்டாம் என்று நினைத்தவர்கள் சேர்ந்து அமைத்தது. நிலம் இருந்தது, உழைக்க ஆள் இல்லை. ஜெபம் செய்யும், குடிக்காத, கடனைத் திருப்பித் தரும் விவசாயிகள் கிடைத்தால் எந்த முதலாளி வேண்டாம் என்பான்? இரக்கமும் கணக்கும் சேர்ந்தே இருந்தன. ஆங்கஸ் தன் சொந்தப் பணத்திலிருந்து ஏறத்தாழ 8,000 பவுண்டு முன்பணம் போட்டார். தானம் இல்லை, வட்டியோடு திருப்பித் தர வேண்டிய கடன்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு நல்ல தடயம் கிடைக்கிறது. இவர்களுக்கு மதக் காரணமே இல்லை, போதகர்கள் தூண்டிவிடுகிறார்கள், பிழைப்புக்காகப் போகிறார்கள் என்றுதான் பிரஷ்ய அதிகாரிகளும் சொன்னார்கள். அதனால் பாஸ்போர்ட் தராமல் இழுத்தடித்தார்கள். 1836-லேயே கிளம்பிவிடுவோம் என்று நம்பி வீட்டையும் நிலத்தையும் விற்ற குடும்பங்கள், விற்ற காசைத் தின்றுகொண்டு கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு காத்திருந்தன. இடையில் புதிய புத்தகத்தை ஏற்றுக்கொண்டு சபைக்குத் திரும்பியிருந்தால் அபராதமும் தொல்லையும் அன்றோடு நின்றிருக்கும். வெறும் நிலத்தாசைக்காரன் இப்படிக் காத்திருக்க மாட்டான் என்பது என் கணிப்பு.

கடைசியில் அனுமதி கிடைத்து, 1838 ஜூன் மாதம் கிளெம்சிக் மக்கள் ஓடர் ஆற்றின் கரையில் படகேறினார்கள். ஆறு, கால்வாய், மறுபடி ஆறு என்று பெர்லின் வழியாக ஹாம்பர்க் சேரவே வாரக்கணக்காயிற்று. அங்கிருந்து 'பிரின்ஸ் ஜார்ஜ்' என்ற பாய்மரக் கப்பல். லண்டனில் இருந்த காவெல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டார். 'பெங்காலி', 'சீப்ரா', 'கத்தரீனா' என்று வேறு மூன்று கப்பல்களிலும் மற்றவர்கள் வந்தார்கள். முதல் இரண்டு கப்பல்கள் 1838 நவம்பரில், சீப்ரா டிசம்பர் கடைசியில், கத்தரீனா 1839 ஜனவரியில் கரை சேர்ந்தன. எல்லாம் சேர்த்து ஐந்நூற்றுச் சொச்சம் பேர்.

சீப்ராவின் பயணம்தான் நமக்கு அதிகம் தெரியும், அதன் கேப்டன் டிர்க் ஹான் நினைவுக் குறிப்பு எழுதி வைத்ததால். டென்மார்க் அரசுக்கு உட்பட்டிருந்த சில்ட் தீவில் பிறந்தவர். ஏறத்தாழ இருநூறு பேர், நாலரை மாதம், வெளிச்சமில்லாத கீழ்த்தளம். வழியில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்துக் கப்பல்களோடு ஒப்பிட்டால் அது பெரிய எண்ணிக்கை இல்லை என்று சொல்வார்கள், கடலில் பிள்ளையை இறக்கிய தாய்க்கு அந்த ஒப்பீட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. காலையும் மாலையும் கப்பலில் ஜெபமும் பாட்டும் நடந்தன. இந்தக் கூட்டத்தின் ஒழுங்கைப் பார்த்து ஹான் நெகிழ்ந்துபோனார். கரையில் இறக்கிவிட்டதோடு கேப்டன் வேலை முடிந்தது, அவர் அதோடு விடவில்லை. மொழி தெரியாத ஊரில் இவர்களுக்காக நிலச் சொந்தக்காரர்களிடம் பேரம் பேசினார். மவுண்ட் பார்க்கர் பகுதியில் முதல் வருடம் குத்தகை இல்லாமல் நிலம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஊருக்குத்தான் 'ஹானின் ஊர்' என்ற பொருளில் ஹாண்டார்ஃப் என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பே காவெலின் ஆட்கள் அடிலெய்டுக்குப் பக்கத்தில், டாரன்ஸ் ஆற்றங்கரையில், ஆங்கஸின் நிலத்தில் குடியேறி, விட்டுவந்த ஊரின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள்: கிளெம்சிக்.

ஹாண்டார்ஃப் பெண்கள் நள்ளிரவில் கூடையைச் சுமந்து மலையிறங்கி, முப்பது கிலோமீட்டர் போல நடந்து, விடியலில் அடிலெய்டில் காய்கறியும் வெண்ணெயும் விற்றார்கள் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது நம்பத்தக்க செய்தி. திரும்பும்போது ஒவ்வொருத்தியும் தேவாலயம் கட்ட இரண்டு செங்கல் சுமந்து வந்தாள் என்பது ஊர்ப் பாரம்பரியம். நடந்திருக்கலாம், ஆனால் முதல் செய்திக்கும் இதற்கும் ஒரே எடை தர மாட்டேன்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. அந்த நிலம் காலி நிலம் இல்லை. டாரன்ஸ் ஆற்றங்கரை கௌர்னா மக்களுடையது, ஹாண்டார்ஃப் மலை பெரமாங்க் மக்களுடையது. துன்பப்பட்டு வந்தவர்கள் இன்னொருவர் நிலத்தில்தான் இளைப்பாறினார்கள். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அதே 1838-ல் டெய்கல்மன், ஷூர்மன் என்ற இரண்டு லுத்தரன் மிஷனரிகளும் அடிலெய்டு வந்தார்கள். கௌர்னா மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே பள்ளிக்கூடம் நடத்தி, 1840-ல் இலக்கணமும் சொற்பட்டியலும் அச்சிட்டார்கள். பிறகு அந்த மொழி பேச ஆளில்லாமல் போய்விட்டது. இன்று கௌர்னா மக்கள் தங்கள் மொழியை மீட்டெடுக்கும்போது முதலில் கையில் எடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

அந்த இருவரையும் அனுப்பியது டிரெஸ்டன் மிஷன் சங்கம். இதே சபைச் சண்டையின் சூட்டில், லுத்தரன் விசுவாச அறிக்கையை மட்டுமே ஏற்கும் மிஷன் வேண்டும் என்று 1836-ல் தனியாக நின்ற சங்கம் அது. அதே சங்கம் அனுப்பிய கார்டஸ் ஐயர் 1841-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். சங்கம் பிறகு லைப்சிக் நகரத்துக்கு இடம் மாறி லைப்சிக் மிஷன் ஆனது. தரங்கம்பாடிப் பணி அதன் கைக்கு வந்து, 1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக உருவெடுத்தது. நம் லுத்தரன்களுக்கும் ஹாண்டார்ஃப் குடும்பங்களுக்கும் உறவு தேடினால், பங்காளி முறை வரும்.

இன்னொரு பங்காளி அமெரிக்கா போனான். 1838 நவம்பரில் சாக்சனியிலிருந்து அறுநூற்றுச் சொச்சம் லுத்தரன்கள் ஐந்து கப்பல்களில் பிரேமன் பகுதித் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள். 'அமாலியா' என்ற கப்பல் கடலிலேயே காணாமல் போனது. மற்றவர்கள் நியூ ஆர்லியன்ஸ் வழியாக மிசூரி போய்ச் சேர்ந்தார்கள். இவர்களையும் துன்புறுத்தலுக்குத் தப்பியவர்கள் என்று சேர்த்து எழுதுவது வழக்கம். நான் அங்கே தயங்குவேன். சாக்சனியில் பிரஷ்யா மாதிரிக் கட்டாயம் இல்லை. சபையில் பகுத்தறிவுவாதம் பெருகிவிட்டது என்ற மனக்கசப்பும், மார்ட்டின் ஷ்டெபான் என்ற போதகர் மேல் இருந்த அளவு மீறிய பக்தியும் அவர்களைக் கிளப்பின. போய்ச் சேர்ந்த சில மாதங்களில் ஒழுக்கக்கேடு, பண விவகாரம் என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் அதே ஷ்டெபானைப் பதவியிறக்கி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கூட்டத்தின் வழியில் 1847-ல் அமைந்த மிசூரி சினாடு என்ற சபை அமைப்புதான் 1890-களில் கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கம் பணி தொடங்கியது. நம்மூரில் ஏன் இரண்டு லுத்தரன் சபை என்று கேட்பவர்களுக்குப் பதிலின் ஒரு பாதி இதில் இருக்கிறது. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, 1839-ல் கிராபௌ என்ற போதகரோடு பிரஷ்யாவிலிருந்தே கிளம்பி நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கம் போன ஆயிரம் பேர் போலான கூட்டம். அவர்கள் காவெலின் ஆட்களைப் போல உண்மையிலேயே நெருக்கப்பட்டவர்கள்.

மதமா நிலமா என்ற உங்கள் கேள்விக்கு நான் நம்புவது தேதியை. 1840-ல் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்லியம் இறந்தார். மகன் அரசரானதும் சிறையிலிருந்த போதகர்களை விட்டார். 1845-ல் பழைய லுத்தரன்கள் தனிச் சபை நடத்த அனுமதியும் கொடுத்தார். 1840-க்கு முன் வந்தவர்களைப் பற்றி நான் தயங்காமல் சொல்வேன், மதம்தான் முதல் காரணம். 1841-ல் ஃபிரிட்ஷே என்ற போதகரோடு வந்த கூட்டம் நடுவில் நிற்கிறது. முடிவெடுத்தபோது நெருக்கடி இருந்தது, கப்பல் ஏறும்போது தளர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் பெரும்பாலும் முன்னால் போன சொந்தக்காரன் எழுதிய கடிதத்தை நம்பி, நல்ல மண்ணைத் தேடி வந்தவர்கள். ஆனால் ஊர்க்கதையில் எல்லோருமே விசுவாசத்துக்காக வந்தவர்களாகிவிட்டார்கள். எந்த ஊரிலும் நடப்பதுதான்.

அப்புறம், ஒரே விசுவாசத்துக்காக உலகத்தின் மறுகோடிக்கு வந்தவர்கள் அங்கே ஒற்றுமையாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1846-ல் பெத்தானி என்ற ஊரில் கூடிய சபை மாநாட்டில் காவெலும் ஃபிரிட்ஷேயும், கிறிஸ்து பூமியில் ஆயிரமாண்டு அரசாள்வார் என்ற உபதேசத்திலும் சபை நிர்வாக முறையிலும் முரண்பட்டுப் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு முழுதாக ஒட்டியது 1966-ல். பிரிட்டிஷ் ராணிக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்த இந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளை முதல் உலகப் போரின்போது எதிரிகளாகப் பார்த்தார்கள். 1917-ல் அவர்களுடைய சபைப் பள்ளிகளை அரசு மூடியது. ஜெர்மன் பெயருள்ள 69 இடங்களுக்குப் பெயர் மாற்றினார்கள். ஹாண்டார்ஃப் ஆம்பிள்சைட் ஆனது, கிளெம்சிக் காஸா ஆனது. பழைய பெயர்கள் 1935-ல் திரும்பின.

மகன் வீட்டில் இன்னும் சில நாள் இருப்பீர்கள் என்றால், அடிலெய்டு நகரத்திலிருந்து கிளம்பி, தனித் தடத்தில் ஓடும் ஓ-பான் பேருந்தில் ஏறுங்கள். அந்தத் தடத்தின் முதல் நிறுத்தத்தின் பெயரே கிளெம்சிக். முதல் குடியேறிகளின் சிறிய கல்லறைத் தோட்டம் அந்தப் பகுதியில் இருக்கிறது. அவர்கள் விட்டுவந்த பழைய கிளெம்சிக் இன்று போலந்தில், கிளெம்ப்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றிவிட்டார்கள். மரச்சட்டங்களால் கட்டிய, உள்ளே சுவரும் கூரையும் நிறைய வேதாகமச் சித்திரங்கள் தீட்டிய பழைய தேவாலயம் மட்டும் அப்படியே நிற்கிறது. இப்போது அங்கே நடப்பது கத்தோலிக்கத் திருப்பலி.